கிருஷ்ணப்பாவின் இசைத்தட்டு

நீலசந்திரா பகுதியில் இருந்த அந்த வீட்டின் முன்னறையில் அன்று இருந்தவர்கள் நான்கு பேர்: வீட்டுக்குப் பெரியவர் இராஜமாணிக்கம், அவர் மனைவி மரகதம், தம்பி மகள் பார்கவி, அவள் அழைத்து வந்திருந்த எழுபத்தெட்டு வயது பெர்னார்ட்.

2003இல் ஒரு ஞாயிறு பிற்பகல். பார்கவியின் முதல் ஆல்பத்தின் உறையில் அச்சாக வேண்டிய பெயர்களை ஆறு மணிக்குள் மும்பை கம்பெனிக்கு மின்னஞ்சலில் அனுப்பியாக வேண்டும்.

கன்டோன்மென்ட் ராணுவப் பகுதிக் கிளப்புகளில் வெள்ளைக்காரர்கள் ஜோடி சேர்ந்து ஆடிய ஸ்விங் இசையை வெட்டி எடுத்து, அதனடியில் கம்ப்யூட்டர் தாளத்தைப் போட்டு, இன்றைய பிள்ளைகளை ஆடவைப்பது அவள் தொழில். கல்லூரி விழாக்களில் தொடங்கி, பப்புகளில் ஆறு வருஷம் வாசித்து இந்த இடத்துக்கு வந்திருந்தாள். பப்பில் வாசிக்கும் பெண்ணா என்று முகம் சுளித்த உறவினர்களை இராஜமாணிக்கம் ஒரே வரியில் அடக்கியிருந்தார்: "பேண்ட் மாஸ்டர் கிருஷ்ணப்பாவோட பேத்தி அவ."

ஆல்பத்தின் தலைப்புப் பாட்டே கிருஷ்ணப்பாவின் 1951 இசைத்தட்டிலிருந்து பிறந்ததுதான். மிஞ்சியிருந்த ஒரே தட்டு இராஜமாணிக்கத்தின் பீரோவில் இருந்தது. கல்யாணம், காதுகுத்து என்று வீடு நிறைந்தால் அதைப் போட்டுக் காட்டுவார். கிளாரினெட் துள்ளி ஏறும்போது, "அப்பா ஊதறார்" என்பார். அதன் மேலேயே "ஹோய்!" என்று ஒரு குரல் எழும்போது, "அதுவும் அப்பாதான்" என்பார். ஐம்பது வருஷமாக வீடே தலையாட்டியது.

"பெரியப்பா, ஸ்வல்ப இதைக் கேளுங்க." பார்கவி கம்ப்யூட்டரைத் திறந்தாள். "தட்டுல இருந்த இரைச்சலை எடுத்துட்டேன். தாத்தா கத்தறப்பவும் கிளாரினெட் நிக்கவே இல்ல. ஊதிட்டே எப்படிக் கத்த முடியும்?"

மெதுவாக்கி ஓடவிட்டாள். "ஹோய்" நீண்டது, அதன் கூடவே கிளாரினெட்டும் இடைவிடாமல் நீண்டது.

இராஜமாணிக்கம் எழுந்து நின்றார். "தட்டு என்னுது. அப்பா ஊதினார்னு போடலேன்னா பாட்டே வேணாம்."

"அது இல்லேன்னா ஆல்பமே இல்ல பெரியப்பா. ஆனா தெரிஞ்சே பொய் போட என்னால ஆகாது."

"கண்டுபிடிச்சவ வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல?" என்றாள் மரகதம்.

இராஜமாணிக்கம் பெர்னார்ட் பக்கம் திரும்பினார். "அங்கிள், நீங்க அந்த பேண்டுல இருந்தவர். யார் ஊதினது?"

பெர்னார்ட் மடியிலிருந்த தொப்பியைப் பார்த்தார். "பேண்டு உங்கப்பாது. பேரும் அவரோடதே இருக்கட்டும், மாணிக்கம்."

"அதைக் கேக்கல. யார் ஊதினது?"

"நான்தான்ப்பா. சந்தோஷம் தாங்காம உங்கப்பா கத்திட்டார். ரெக்கார்டிங்காரன் அவரைத் திட்டின திட்டு இருக்கே!"

"எங்க வீட்டு விசேஷத்துல எத்தனை தடவை உக்காந்து கேட்டீங்க? ஒரு தடவை சொன்னீங்களா?"

"பிரியாணி நல்லா இருந்துதே."

யாரும் சிரிக்கவில்லை. ஐந்தரை தாண்டியிருந்தது. பார்கவி கைகளை மடியில் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். ஆறு வருஷ உழைப்பு பெரியப்பாவின் ஒரு வார்த்தையில் நின்றது.

சுவர்ப் படத்தில் சீருடையோடு இருந்த அப்பாவை இராஜமாணிக்கம் பார்த்தார். சபையில் தான் சொல்லி வந்தது அறியாமல் சொன்னது. அதையே இனி அச்சில் ஏற்றினால் திருட்டு. அந்தப் பழி அப்பாவின் தலையில் விழும். கிருஷ்ணப்பாவின் வீட்டில் அடுத்தவன் ஊதிய மூச்சைத் தனதென்று யாரும் எடுத்ததில்லை.

காகிதத்தை இழுத்து எழுதினார். "பேண்ட் மாஸ்டர்: கிருஷ்ணப்பா. கிளாரினெட்: பெர்னார்ட். குரல்: கிருஷ்ணப்பா."

மரகதம் எட்டிப் பார்த்தாள். "மாமா பேரு ரெண்டு தடவ வருதே?"

"ரெண்டும் நிஜம்," என்றார்.

ஐந்து ஐம்பதுக்கு மின்னஞ்சல் போனது. அந்தத் தலைப்புப் பாட்டுதான் பின்னால் பார்கவியை நாடு நாடாக மேடையேற்றியது.

அவள் கம்ப்யூட்டரில் ஏதோ தந்திரம் செய்து பெரியவரை ஏமாற்றி எழுதி வாங்கினாள் என்று உறவில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. அவர் யாரிடமும் ஏமாறவில்லை. பெர்னார்ட் பேரை எழுதச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.