பாதியில் முடித்த கணக்கு

அலுவலகத்தில் அவனுக்குச் சர்க்கரை என்று பெயர். கிரெடிட் கார்டில் பாக்கி வைத்தவர்களுக்குப் போன் போட்டுப் பணம் வசூலிப்பது வேலை. மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்தி வாங்குவதை அவன் குழைந்து பேசியே வாங்கிவிடுவான். "பாதி கட்டுங்க, மீதியை பேங்க் தள்ளுபடி பண்ணிடும். கணக்கை முடிச்சிடலாம். அப்புறம் ஒரு தொந்தரவும் வராது." இதையே காலையிலிருந்து மாலை வரை சொல்லிச் சொல்லி, கடைசியில் அவனே அதை நம்பிவிட்டான். ஊரை நம்பவைக்கிற வாய்க்கு அதன் சொந்தக்காரனே விழுந்துவிட்டான்.

தங்கை கார்டுக் கடனில் மாட்டியபோது இரண்டு வழி இருந்தது. முழுத் தொகையையும் மூன்று வருடம் தவணையாகக் கட்டலாம்; இல்லை, பாதியை ஒரே தடவையில் கட்டிக் கைகழுவலாம். அவள் தவணைக்குத்தான் தலையாட்டினாள்.

"முழுசாக் கட்டினாத்தாண்ணா எனக்குத் தூக்கம் வரும்."

"லூசா நீ? சும்மா வர்ற பாதியை யாராவது வேணாம்பாங்களா?" என்று அதட்டி, மேலதிகாரிகளிடம் பேசி, பாதியில் முடித்துக் கொடுத்தான். "நீ நல்லா இருக்கணும்ணா" என்று அவள் அழுதாள். அன்றைக்கு அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அதே சூட்டில் தன் கார்டு பாக்கியையும் அப்படியே முடித்துக்கொண்டான்.

பெயிண்டரான அவள் கணவன் சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டது அதற்குப் பின்பு. "சீக்கிரம் கம்பி வச்சா பழையபடி நடப்பாரு. தள்ளிப்போட்டா எலும்பு கோணலாக் கூடிடும்" என்றார் டாக்டர். கையில் காசில்லை. ஆஸ்பத்திரியிலேயே தவணைக் கடன் கொடுக்கும் கவுண்ட்டர் ஒன்று இருந்தது. அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"கார்டுக் கணக்கு 'செட்டில்டு'ன்னு இருக்கு சார். குறைச்சுக் கட்டி முடிச்சதுன்னு அர்த்தம். முழுசாக் கட்டியிருந்தா 'குளோஸ்டு'ன்னு வந்திருக்கும். அதனால கிரெடிட் ஸ்கோர் ரொம்பக் கீழ போயிருச்சு. குடுக்க முடியாது."

"என் பேர்ல பாருங்க."

பார்த்தாள். "உங்களுக்கும் அதேதான் சார்."

"நீ பேசுண்ணா. நீ பேசினா நடக்கும்" என்று தங்கை அவன் சட்டையைப் பிடித்தாள். பேசினான். கெஞ்சினான். அந்தப் பெண் முகம் கோணாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பொறுமை அவனுக்குத் தெரியும். அவனும் இப்படித்தான், கேட்பதுபோல் கேட்பான்.

மறுநாள் மேலாளரிடம் போய் நின்றான்.

"தள்ளுபடி ஆன மீதியையும் கட்டினா பதிவை மாத்தலாம். மாற ரெண்டு மாசம் ஆகும்" என்றார் அவர்.

"பாதி கட்டினா ஸ்கோர் போயிடும்னு ஏன் சார் எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா எவன்யா கட்டுவான்?"

எலும்பு இரண்டு மாதம் காத்திருக்குமா? கட்டுப் போட்டு வீட்டில் படுக்க வைத்தார்கள். டாக்டர் சொன்னபடியே கோணலாகக் கூடியது. ஒரு கால் குட்டையாகிவிட்டது. இனி அவள் கணவனால் சாரம் ஏற முடியாது. தங்கை அண்ணனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தீர்த்திருந்தால் தேவலை. அவன் வந்தால் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறாள். மாதா மாதம் அவன் வைத்துவிட்டு வருகிற பணத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது.

இன்று முதல் அழைப்பிலேயே ஒரு பெண். பின்னால் குழந்தை அழும் சத்தம்.

"பாதி கட்டிடுறேன் சார். அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் வராதுல்ல?"

மேலாளர் அதே லைனில் காது வைத்திருந்தார். அவன் வாயைத் திறந்தான். உண்மை தொண்டை வரை வந்தது. இந்த வேலை போனால் இரண்டு வீட்டு அடுப்பும் அணையும்.

"ஒண்ணும் வராதும்மா" என்றான். குரல் எப்போதும்போல் இனித்தது.

"நீங்க நல்லா இருக்கணும் சார்" என்றாள் அவள்.