கழுத்துக்குச் சம்பந்தமில்லாதவை

மார்ச் 11, செவ்வாய். நேற்றைய பதிவில் ஒரு பிழை. மாலை வலி அளவை 6 என்று எழுதிவிட்டேன். அப்பா சொன்னது 7. சிவப்பில் திருத்தியிருக்கிறேன். இனி கேட்ட உடனே எழுத வேண்டும்.

இதை எழுதி, கீழே ஒரு கோடு போட்டு, கோடு கோணலோ என்று நோட்டைச் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் மகள் பேனாவை மூடினாள். பகலில் அவளுக்கு ஒரு பார்சல் கிடங்கில் முகவரிச் சீட்டு ஒட்டும் வேலை. மாலையில் இரண்டு மணி நேரம் அலுவலகப் பதிவேடுகள் பற்றிய வகுப்பு. எதை எழுதினாலும் சரியாகத்தான் எழுதினோமா என்று மூன்று முறை பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. பூட்டிய கதவையே நாலு தரம் இழுத்துப் பார்க்கிற ஜாதி.

அப்பா வீடுகளுக்கு ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர். முப்பது வருடம் சாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தே பிழைத்தவர். எந்நேரமும் கூரையோடு ஒட்டிக்கொண்டு கிடப்பதால் கூட வேலை செய்கிறவர்கள் அவருக்குப் பல்லி என்றே பெயர் வைத்திருந்தார்கள். போன ஏப்ரலில் அவருக்குக் கழுத்தும் இடது தோளும் வலிக்க ஆரம்பித்தபோது ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. காரணம் சாரத்தின் மேலே கண்ணெதிரே நிற்கும்போது வேறு காரணத்தை யார் மெனக்கெட்டுத் தேடுவார்கள்?

எலும்பு டாக்டரும் தேடவில்லை. கழுத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "தேய்மானம். இந்த வயசுல எல்லாருக்கும் இருக்கும், உங்க தொழிலுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். கழுத்துப் பட்டை போட்டார்கள். கழுத்தைக் கட்டி இழுத்தார்கள். பிறகு ஊசி, பிறகு உடற்பயிற்சி. அம்மா தன் பங்குக்கு மாதம் ஒரு தலையணை மாற்றினாள்.

"கடையில இருக்கற தலையணை எல்லாம் தீர்ந்துடுச்சு. இனிமே உன் மடிதான் பாக்கி" என்றார் அப்பா.

"மடியில வெச்சா மட்டும் குணமாயிடுமா? ராத்திரி பூரா நாற்காலியில உக்காந்து உறுமுறீங்க. வீடா இது, மிருகக்காட்சி சாலையா?" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு வெந்நீர்ப் பையை அவர் தோளில் வைத்துவிட்டுத்தான் போவாள்.

வலியை நாள்தோறும் குறித்து வரச் சொன்னது எலும்பு டாக்டர்தான். மகள் அதைக் கண்ணும் கருத்துமாகச் செய்தாள். அவளிடம் இரண்டு நோட்டுகள் இருந்தன. ரஃப் நோட்டில் அப்பா சொல்வதை எல்லாம் அவர் வாயிலிருந்து வந்தபடியே கிறுக்குவாள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, அதிலிருந்து கழுத்து சம்பந்தப்பட்டதை மட்டும் எடுத்து ஃபேர் நோட்டில் கட்டம் போட்டு எழுதுவாள். நேரம், அளவு, எந்தப் பக்கம் திருப்பினால் வலி, மாத்திரை. நாலே கட்டம். டாக்டருக்கு நேரமில்லை, அவரிடம் குப்பையைக் கொட்டக் கூடாது என்பது அவள் எண்ணம். வகுப்பிலும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

"பத்துக்கு எத்தனைப்பா?"

"என்ன ஆபீசரம்மா, பரீட்சை எழுதறது நானா, நீயா? ஏழு போடு. மறுகூட்டல்ல எட்டு வந்தாலும் வரும்."

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலையே அவள் ஃபேர் நோட்டை வகுப்பில் கொடுத்தாள். 'நீங்களே பராமரித்த ஒரு பதிவேடு' என்று கேட்டிருந்தார்கள். அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை திரும்பக் கிடைக்கும், டாக்டரிடம் போவது சனிக்கிழமை. எல்லாம் கணக்குப் போட்டுத்தான் கொடுத்தாள்.

ஆனால் புதன்கிழமை காலை அப்பாவால் இடது கையைத் தூக்கிச் சட்டையில் நுழைக்க முடியவில்லை. முகம் வெளிறிப் போய் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். மகள் கிடங்குக்கு லீவு சொல்லிவிட்டு அவரை அழைத்துக்கொண்டு ஓடினாள். எலும்பு டாக்டர் விடுமுறையில் இருந்தார். அவர் நாற்காலியில் புதிதாக ஒரு பெண் டாக்டர் இருந்தார், மகளைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார்.

"வலியை எழுதி வெச்சிருக்கீங்களாமே? குடுங்க" என்றார்.

மகளுக்குக் காது சூடேறியது. "மன்னிச்சுக்கங்க டாக்டர், இது ரஃப். நல்ல நோட்டு வேற இடத்துல இருக்கு. இதுல கண்டதும் கிடக்கும்."

"கண்டதும்தான் வேணும், குடுங்க."

புது டாக்டர் பக்கங்களை வேகமாகப் புரட்டினார். ஜூன் மாதத்தில் ஒரு இடத்தில் நின்றார். 'சுண்டுவிரல் மரத்துப் போகிறதாம், ஸ்க்ரூ டிரைவர் பிடித்துப் பிடித்து இருக்கும் என்கிறார்.' பிறகு ஆகஸ்ட் 19. அங்கே ரொம்ப நேரம் நின்றார்.

"'ஒரு கண்ணு டூட்டி பாக்குது, ஒரு கண்ணு லீவு போட்டுடுச்சு.' இது என்ன?"

"அது அப்பா ஜோக் டாக்டர். கண்ணாடி பாக்கும்போது சொன்னார்."

"எந்தக் கண்ணு லீவுல இருந்துது?"

மகளுக்குத் தெரியவில்லை. அப்பா இடது கண்ணைத் தொட்டுக் காட்டினார். அப்போதுதான் அவளும் பார்த்தாள். அந்த இமை மற்றதைவிட ஒரு நூல் இறங்கியிருந்தது. தினமும் பார்க்கிற முகம், அதனாலேயே பார்க்காத முகம்.

அடுத்த பக்கத்தை டாக்டர் சத்தமாகவே படித்தார். "'பாதி முகத்துக்கு ஏசி போட்டிருக்கு, இடது பக்கம் வேர்க்கறதே இல்ல.' இதுவும் ஜோக்கா?"

அவர் எழுந்து விளக்கை அணைத்தார். இருட்டில் சின்ன டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து அப்பாவின் கண்களைப் பார்த்தார். வலது பாவை இருட்டுக்கு விரிந்திருந்தது. இடது பாவை கடுகு மாதிரி அப்படியே இருந்தது. விளக்கைப் போட்டுவிட்டு ஒரு காகிதத்தை அப்பாவின் இடது கை விரல்களுக்கு நடுவே வைத்தார்.

"இறுக்கிப் பிடிங்க. நான் இழுப்பேன், விடக் கூடாது."

காகிதம் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அப்பா அதையே பார்த்தார். முப்பது வருடம் பலகையைத் தலைக்கு மேல் தாங்கிய கை.

"நான் ரெடின்னு சொல்றதுக்கு முன்னாடியே இழுத்துட்டீங்க" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை.

மகள் கையோடு கொண்டு வந்திருந்த பழைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார். மகள் எலும்புகளைப் பார்த்தாள். டாக்டரின் விரல் எலும்புகளைத் தாண்டி, படத்தின் கீழ் ஓரத்துக்குப் போனது.

"கழுத்துப் படத்துல நுரையீரலோட உச்சி லேசா விழும். ரெண்டு மூலையும் கறுப்பா இருக்கணும். இடது மூலையைப் பாருங்க."

இடது மூலை வெள்ளையாக, பூசி மெழுகியது போல இருந்தது.

"கைக்குப் போற நரம்பு, கண்ணுக்குப் போற நரம்பு எல்லாம் அந்த உச்சியை ஒட்டித்தான் போகுது. அங்க ஏதாவது அழுத்தினா வலி கழுத்துலயும் தோள்லயும்தான் தெரியும். என்னன்னு இப்பவே சொல்ல மாட்டேன். இன்னிக்கே நெஞ்சை ஸ்கேன் எடுத்துடுங்க. நீங்க சிகரெட் பிடிப்பீங்களா?"

"சாரத்துல ஏறினா கிடையாது. இறங்கினாத்தான்" என்றார் அப்பா.

வெளியே வந்ததும் மகளிடம், "கழுத்து வலிக்கு நெஞ்சைப் படம் எடுக்கறாங்க. தலைவலின்னு போனா முட்டியை எடுப்பாங்க போல" என்றார். அவள் ஸ்கேன் சீட்டில் பெயர் சரியா என்று மூன்றாம் முறை பார்த்தாள். சிரிக்க வரவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பில் ஃபேர் நோட்டு திரும்பி வந்தது. இருபதுக்குப் பதினெட்டு. கீழே பச்சை மையில், 'தேவையற்ற செய்தி எதுவும் இடம்பெறவில்லை. மிக நன்று.' அவள் அந்தப் பக்கத்தை மூடி, பையில் போட்டு, அதன் மேல் சாப்பாட்டு டப்பாவை வைத்தாள்.

ஸ்கேனுக்குப் பிறகு ஊசி வைத்துச் சதை எடுத்தார்கள். பதினோரு நாள் கழித்து முடிவு வந்தது. புற்றுநோய் டாக்டர் வயதானவர், அவசரப்படாமல் பேசினார். நுரையீரலின் உச்சியில் கட்டி. விலா எலும்பைத் தின்று முதுகெலும்பைத் தொட்டுவிட்டது. கல்லீரலிலும் இரண்டு இடத்தில் இருக்கிறது. அறுவை சிகிச்சை செய்ய முடியாது. கதிர் வைத்தால் வலி குறையும், மருந்து கொடுத்தால் கொஞ்ச காலம் பிடித்து வைக்கலாம்.

"கழுத்து வலி போயிடுமா?" என்று கேட்டார் அப்பா.

"குறையும்."

"படுத்துத் தூங்கலாமா?"

"அதுக்குத்தான் முயற்சி பண்றோம்."

அம்மா அப்பாவைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப் போனாள். மகள் மட்டும் நின்றாள்.

"போன ஆகஸ்ட்ல வந்திருந்தா, டாக்டர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சிலருக்கு அந்தக் கட்டத்துல ஆபரேஷன் பண்ண முடியும். உங்கப்பாவுக்கு முடிஞ்சிருக்குமான்னு எனக்குத் தெரியாதும்மா. முடிஞ்சிருக்கும்னும் சொல்ல மாட்டேன், முடிஞ்சிருக்காதுன்னும் சொல்ல மாட்டேன்."

பொய்யாகவாவது ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. சாயவில்லை.

அம்மாவுக்கு வேறொரு குடைச்சல். "அந்தப் படத்தைப் பதினோரு மாசமா பீரோ மேல வெச்சிருந்தேன். தூசி தட்டித் தட்டி வெச்சேன். எனக்கு என்னடி தெரியும் எந்த மூலை கறுப்பு, எந்த மூலை வெள்ளைன்னு" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எலும்பு டாக்டர் விடுமுறை முடிந்து வந்திருந்தார். அவரைப் போய்க் கேட்க வேண்டும் என்று வீட்டில் இரண்டு நாள் பேசினார்கள். பிறகு அதைப் பேசவும் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். அப்பா நாற்காலியில் சாய்ந்து, இடது முழங்கையை வலது கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் இரண்டு நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு போய் எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஒரு வாரமாக மனப்பாடம் செய்ததைச் சொன்னாள். விரல், கண், வேர்வை எல்லாம் ரஃப் நோட்டில் இருந்தது. கழுத்துக்குச் சம்பந்தமில்லை என்று அவள்தான் ஃபேர் நோட்டில் விட்டுவிட்டாள். இத்தனை மாதமும் எலும்பு டாக்டர் பார்த்தது ஃபேர் நோட்டை மட்டும்தான்.

அப்பா நோட்டை வாங்கவில்லை.

"எழுதியிருந்தா அவர் பார்த்திருப்பாரா?"

"தெரியலப்பா."

"பார்த்திருந்தா நான் பொழைச்சிருப்பேனா?"

"அதுவும் தெரியலப்பா."

தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். அது கிளம்பவில்லை. அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவரே போட்ட கூரை.

"நீ இதைச் சொல்லாமயே இருந்திருக்கலாம்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். "நான் பாட்டுக்கு, என் நேரம் சரியில்லைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அது சுலபமா இருந்துது. இப்ப உன்னைப் பார்க்கும்போதெல்லாம் ஆகஸ்ட் மாசம் ஞாபகம் வரும். எனக்கு இருக்கறதே கொஞ்ச நாள்."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவள் வந்திருந்தாள். கேட்காமல் இரண்டு நோட்டுகளையும் விளிம்பு பார்த்து அடுக்கினாள். சொன்னது அவருக்காகவா, தன் பாரத்தை இறக்கி வைக்கத்தானா என்று யோசித்தாள். இரண்டாவதுதான் என்று தெரிந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார். கழுத்து திரும்பவில்லை. அதனால் கண்ணை மூடிக்கொண்டார்.

அவளே எழுந்து அடுத்த அறைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு அவர் ஜோக் அடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அம்மாவிடம் அடித்தார், பார்க்க வந்த சாரத்து ஆட்களிடம் அடித்தார். மகள் பத்துக்கு எத்தனை என்று கேட்டால் மட்டும் எண்ணோடு நிறுத்திக்கொண்டார்.

ஏப்ரல் 9, புதன். காலை 8, மதியம் 7, மாலை 9. சுண்டுவிரல், மோதிர விரல் உணர்வில்லை. இமை அப்படியே. அப்பா வேறு எதுவும் சொல்லவில்லை. நாளை காலை 9.10-க்குக் கதிர்ப் பிரிவில், எங்கே கதிர் வைப்பது என்று உடம்பில் குறி வைக்கிறார்கள். இருபது நிமிடம் மல்லாந்து அசையாமல் படுக்க வேண்டும், அசைந்தால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். 8.10-க்கு வலி மருந்து 5 மில்லி கொடுக்க வேண்டும். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை. வண்டி 8.25-க்கு.