எழுமலை பஸ் டிரைவரின் வயிறு

எழுமலையிலிருந்து மதுரை ஆரப்பாளையத்துக்குத் தனியார் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த தவசி, ரோட்டில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் யாரையோ அடித்துப் போட்டுவிட்டு வந்துவிட்டோம் என்ற பயத்தோடுதான் வண்டியை விட்டு இறங்கினார்.

சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும். பள்ளம்தான் என்று கண்ணுக்குத் தெரியும். ஆளாக இருந்திருந்தால்? அந்தக் கேள்வி வந்துவிட்டால் அப்புறம் போகாது. ஆரப்பாளையத்தில் குனிந்து டயரைப் பார்ப்பார். டீ குடித்துவிட்டு வந்து மறுபடியும் பார்ப்பார். டூட்டி முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு, பஸ் வந்த வழியிலேயே திரும்பிப் போய், ரோட்டோரக் கருவேலம் புதர்களை விலக்கித் தேடுவார். ஒன்றும் இருக்காது. நிம்மதியாக வீடு திரும்பும்போது, இப்போது பைக்கில் யாரையாவது இடித்திருப்போமோ என்று இன்னொரு பயம் ஏறிக்கொள்ளும்.

மனைவி தமிழ்வாணி பள்ளிக்கூட ஆசிரியை. நேரங்கழித்து வருவதற்கு, ஒர்க்ஷாப்பில் வேலை இருந்தது என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தார். ஒரு நாள் மத்தியானம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. பதறிக்கொண்டு போனாள்.

"உங்க வீட்டுக்காரரு அடிக்கடி இங்க வந்து, இந்த ரோட்டுல ஆக்சிடென்ட் கேஸ் ஏதும் வந்திருக்கான்னு கேக்குறாரும்மா" என்றார் ஏட்டு. "இல்லன்னு சொன்னாலும் போக மாட்டேங்குறாரு. எதையாச்சும் மறைக்கிறாரா?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த தவசி அவளை நிமிர்ந்து பார்த்தார். "தமிழு, நான் யாரையோ கொன்னுட்டேன். யாருன்னுதான் தெரியல."

அந்த வாரமே காளவாசல் பக்கம் இருந்த மனநல மருத்துவர் கிரிதரனிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டார்.

"இதுக்கு எண்ணச் சுழற்சி நோய்னு பேரு, இங்கிலீஷ்ல ஓ.சி.டி.ம்பாங்க" என்றார். "நீங்க கெட்டவரும் இல்ல, உங்களுக்குப் புத்தியும் கெடல. ஒரு சந்தேகம் மூளையில மாட்டிக்கிட்டுச் சுத்துது. நீங்க திரும்பிப் போய்ப் பார்க்கப் பார்க்க அதுக்குப் பலம் ஏறும்."

மாத்திரை எழுதினார். சந்தேகம் வந்தாலும் திரும்பிப் போகாமல் இருக்கும் பயிற்சியை விளக்கினார். டாக்டர் சொல்லும்வரை பஸ் ஓட்டுவதில்லை என்று முடிவாயிற்று. பிறகு, தவசி எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

"வயிறு எப்படி இருக்கு?"

தவசி கூச்சத்தோடு சொன்னார். அது கெட்டு வருஷக்கணக்காகிறது. வழியில் புரோட்டா, டீ, பிஸ்கட். வயிறு கோளாறானால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை. போன கோடையில் கடுமையான வயிற்றுப்போக்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதுவரை எப்போதாவது வந்துபோன பயம், அதற்குப் பிறகுதான் நாள் தவறாமல் வர ஆரம்பித்தது.

"அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போட எங்கிட்ட ஆதாரம் இல்ல" என்றார் கிரிதரன். "ஆனா இதை ஆராய்ச்சி பண்றவங்க இருக்காங்க. விருப்பம் இருந்தா போய்ப் பாருங்க."

மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அந்த ஆராய்ச்சியைச் செய்துகொண்டிருந்தவள் இந்துப்ரியா. மகால் பக்கத்து சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். இப்படிப்பட்ட நோய் உள்ளவர்களின் குடலில் என்னென்ன நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்று பார்ப்பது அவள் வேலை. மலத்தை ஒரு சின்ன டப்பாவில் கொண்டுபோய்க் கொடுக்கும்போது தவசிக்குத் தலை நிமிரவில்லை. அவள் சாதாரணமாக வாங்கிக்கொண்டு, "வந்ததுக்கு ஒரு தடவை பார்த்துட்டுப் போங்கண்ணே" என்று மைக்ராஸ்கோப்பைக் காட்டினாள்.

தவசி ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். முதலில் வெறும் வெளிச்சம். அவள் எதையோ திருகினாள். வெளிச்சத்துக்குள் புள்ளி புள்ளியாக, குச்சி குச்சியாக என்னவோ தெரிந்தது. பல சும்மா நடுங்கிக்கொண்டிருந்தன. சில இங்கிருந்து அங்கே விறுவிறுவென்று ஓடின. ஒன்று நின்று, சுழன்று, வேறு பக்கம் போயிற்று.

"இதெல்லாம் உசுரோடவா இருக்கு?"

"ஆமாண்ணே."

"எனக்குள்ள?"

"உங்க உடம்புல எம்புட்டு செல்லு இருக்கோ, ஏறக்குறைய அம்புட்டு இதுங்களும் இருக்கு. எனக்குள்ளயும்தான். நம்மால செரிக்க முடியாததை இதுங்க தின்னு செரிக்குது. குடலுக்கும் மூளைக்கும் நடுவுல பெரிய நரம்பு ஒண்ணு ஓடுது. அது வழியா சேதி போய்க்கிட்டே இருக்கு. கிருமியே இல்லாம வளர்த்த எலிங்க நடந்துக்கிற விதமே வேற மாதிரி இருக்கு. மனுஷங்ககிட்ட எப்படின்னு இன்னும் முழுசாத் தெரியல."

தவசி கண்ணை எடுக்கவில்லை. இத்தனை வருஷம் பஸ் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போனவர். அவரைக் கேட்காமலே இத்தனை உயிர்கள் அவரோடு வந்துகொண்டிருந்திருக்கின்றன. கூட வந்திருந்த தமிழ்வாணி தோளைத் தொட்டபோதுதான் நிமிர்ந்தார். "நீயும் பாரு" என்றார்.

டாக்டரின் பயிற்சிதான் கஷ்டமாக இருந்தது. பைக்கில் கடைவீதி வரை போய்வந்த முதல் நாள், திரும்பிப் போய்ப் பார்க்காமல் வீட்டு வாசலில் உட்கார்ந்தார். சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. தமிழ்வாணி பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்தினாள். ஆறுதல் சொன்னாலும் சந்தேகத்துக்குப் பலம் ஏறும், சொல்லக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பயம் ஏறியது, இன்னும் ஏறியது. பிறகு யாரும் எதுவும் செய்யாமலே இறங்கத் தொடங்கியது. "எறங்குது தமிழு" என்றார். பேனாவை வைத்துவிட்டு அவள் அழுதாள்.

இந்துப்ரியா சொன்னபடி சாப்பாடும் மாறியது. கேப்பைக் கூழ், தட்டைப்பயறு, கீரை, மோர். ஆரம்பத்தில் வயிறு உப்பியது. போகப்போக ஒத்துக்கொண்டது.

மழைக்காலம் முடிந்து மறுபடியும் டப்பாவோடு போனார்கள். முடிவு வந்ததும் இந்துப்ரியா அவர்களை அழைத்து, முதல் தடவைக்கும் இந்தத் தடவைக்குமான இரண்டு படங்களைக் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். முன்னால் அனேகமாக இல்லாமலே போயிருந்த வகைகள் இப்போது பெருகியிருந்தன. "நார்ச்சத்தைத் தின்னு வாழுற வகை இது" என்றாள்.

"எங்கேருந்து வந்துச்சு?"

"கொஞ்சம் உள்ளயே ஒளிஞ்சு கெடந்திருக்கும். சாப்பாடு கெடைக்கவும் பெருகியிருக்கும்."

"அப்ப இதனாலதான் எனக்குக் கொறஞ்சுச்சா?"

"மாத்திரையும் சாப்பிட்டீங்க, பயிற்சியும் செஞ்சீங்க. இதுங்களுக்கு எம்புட்டுப் பங்குன்னு எனக்குத் தெரியாதுண்ணே. உங்கள மாதிரி நெறையப் பேரைப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்."

தெரியாது என்று அவள் சொன்னது தவசிக்குப் பிடித்திருந்தது. மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்று அவள் சொல்லி அனுப்பினாள்.

தை பிறந்து, கிரிதரன் சரி என்ற பிறகு மறுபடியும் பஸ் ஏறினார். சந்தேகம் அடியோடு போகவில்லை. செக்கானூரணி தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது இன்னும் நெஞ்சு படபடக்கும். கண்ணாடியை ஒரு தடவை பார்ப்பார். கியரை மாற்றி மேலே போவார்.

ஆரப்பாளையத்தில் மத்தியான ஓய்வு. கண்டக்டர் சோலை சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், தவசி தூக்குவாளியைத் திறந்து கூழையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ள, சாப்பிடலயா?"

"உள்ள எம்புட்டுப் பேரு காத்துக்கிட்டு இருக்காங்கன்னு நெனச்சேன்."

சோலை எட்டி பஸ்ஸுக்குள் பார்த்தார். "இன்னும் ஒருத்தரும் ஏறலயே" என்றார்.

தவசிக்குச் சிரிப்பு வந்தது. வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு நிதானமாகக் குடிக்க ஆரம்பித்தார்.