எட்டடி உயரத்தில் டேரில்

1971 ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை, ஆஸ்திரேலியாவின் கிர்ராபில் ஊர் மைதானத்தில், கையால் பந்து பிடிக்கும் அந்நாட்டுக் கால்பந்தில், பந்தைப் பிடிக்க எம்பிய டேரில் கோம்ப் கீழே இறங்கவில்லை. பந்து அவன் கையில் இருந்தது. பாதங்கள் தரையிலிருந்து எட்டடி உயரத்தில் இருந்தன. ஆட்டக்காரன் இறங்கியாக வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் எங்கும் இல்லை என்று சொல்லி நடுவர் ஆட்டத்தைத் தொடரவிட்டார்.

அதைப் படம் எடுத்தவள் அவன் மனைவி நோலீன். குவீன்ஸ்லாந்துக்காரி, அங்கே ஆடும் கால்பந்து வேறு. கல்யாணங்களுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தவள், பத்திரிகைக்காரர் கால் முறிந்து கிடந்ததால் அன்று எல்லைக்கோட்டருகே நின்றாள். பந்தைப் பார்க்கத் தெரியாமல் கணவனையே பார்த்தாள். அவன் தன் அணிக் கேப்டன் ராஸின் தோளில் கால் வைத்து ஏறியது இந்த ஆட்டத்தில் சரிதான் என்று தெரியாமல், தப்பாட்டம் என்று நினைத்து, சாட்சிக்காகப் பொத்தானை அழுத்தினாள்.

நெகடிவைக் கழுவி உலரத் தொங்கவிட்டாள். காற்றில் அது ஆடியபோது மைதானத்தில் டேரிலும் அந்தரத்தில் ஆடினான். அதை அழித்தால் இறங்கிவிடுவான் என்று ஊருக்குப் புரிந்தது. அவள் தீக்குச்சியைக் கிழித்து, ஊதி அணைத்தாள். "எங்கிட்ட குடு நோலீன், நான் பாத்துக்கறேன்" என்றான் ராஸ். இறைச்சி சுடும் தகர டிரம்மில் எல்லார் முன்னாலும் எரித்தான். டேரில் இறங்கவில்லை.

ஆறு வருடம் அவள் ஒன்பது படி ஏணியில் ஏறி அவனுக்குச் சூப் கொடுத்தாள், சவரம் செய்தாள், மழைக்குத் தார்ப்பாய் போர்த்தினாள். என்றாவது பிறக்கும் குழந்தைக்கென்று வாங்கிய தொட்டிலைத் தங்கைக்குக் கொடுத்தாள். கோல் கம்பங்களுக்கு முன்னால் மிதந்த டேரில் வந்த பந்தையெல்லாம் பிடித்தான்; மைதானத்தைச் சுற்றி நிறுத்திய கார்களிலிருந்து ஹாரன் அடித்து ஊர் கொண்டாடியது. ஊர் நான்கு கோப்பை வென்றது. "டேய், பஸ் வந்திருச்சு, இறங்குடா!" என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கத்துவார்கள். அவன் சிரிப்பான். அதை அவள் பொறுமை என்று எடுத்துக்கொண்டாள்.

இடது காலுறையை மட்டும் அவன் கழற்ற விட்டதில்லை, கூசும் என்பான். ஏழாம் வருடம் அது நைந்து கிழிந்தது. உள்ளே நெகடிவ் இருந்தது.

"அப்ப ராஸ் எரிச்சது என்ன?"

"உன் தங்கச்சி கல்யாணப் படம்."

"யாரு சொல்லி?"

"நான்தான். எரிக்காத, எங்கிட்டயே குடுடான்னேன். கோவப்படாத நோல். கீழ நான் யாரு? கோதுமை லாரி டிரைவர். இங்க, அத்தன காரும் எனக்குத்தான் ஹாரன் அடிக்குது."

"தொட்டில தூக்கிட்டுப் போனப்ப இங்கேருந்து பாத்துக்கிட்டுதான இருந்த?"

டேரில் ஸ்கோர் பலகையைப் பார்த்தான்.

அவள் பையில் தீப்பெட்டி இருந்தது. நெகடிவை மறுபடி காலுறைக்குள் செருகினாள். கிழிசலைத் தைத்தாள். இறங்கி, ஏணியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

இப்போது ராஸின் மனைவி நீளக் கம்பின் நுனியில் சூப் குவளையைக் கட்டி நீட்டுகிறாள். பாதி சிந்திவிடும். சனிக்கிழமைகளில் கார்கள் ஹாரன் அடிக்கின்றன. நோலீன் ஏணியை ஆப்ரிகாட் பறிக்க வைத்திருக்கிறாள். மேல்படியில் நின்றால் டேரில் தெரிவான். அந்த உயரத்துப் பழங்களை அவள் கிளிகளுக்கு விட்டுவிடுகிறாள்.