மேட்ரனுக்கு ஐந்து நாள் லீவு

பெரியக்காவுக்குத் தன் கோழிகள் மேல் இருந்த நம்பிக்கை, பெற்ற பிள்ளைகள் மேல்கூடச் சிலருக்கு இருக்காது. ஏழு கோழி, ஏழும் தங்கம் என்பாள். காக்கைக்கே தன் குஞ்சு பொன் குஞ்சு என்றால், கோழி வளர்க்கிறவளைக் கேட்க வேண்டுமா? அந்த நம்பிக்கையில்தான் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஆறு வாரக் குஞ்சுகள் நாலையும் அட்டைப்பெட்டியோடு தூக்கிப்போய்க் கோழிக்கூண்டுக்குள் இறக்கிவிட்டாள்.

குஞ்சுகள் அவளுடையவை அல்ல, பாப்பாவுடையவை. பாப்பா என்பது தம்பி பெண்டாட்டியின் மகள், வயது ஒன்பது. பள்ளிக்கூடத்தில் மிஷின் வைத்துப் பொரித்த குஞ்சுகளை, வீட்டில் தோட்டம் உள்ள பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தார்கள். பல்பு வெளிச்சத்தில் பெட்டியில் வைத்து வளர்த்து, ஒவ்வொன்றின் காலிலும் ஒரு நிற நூல் கட்டி, அதையே பெயராக வைத்திருந்தாள்.

"பெரிய கோழிங்க கொத்தும்," என்று வாசலில் நின்று சொன்னாள். "முதல்ல வலைக்கு அந்தப் பக்கமா வைக்கணும்னு டீச்சர் சொன்னாங்க."

"கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா? உங்க டீச்சர் புஸ்தகத்துல படிச்சது. நான் கையால வளர்த்தது."

சொல்லி வாய் மூடவில்லை. மேட்ரன் வந்துவிட்டது. அது கூட்டத்திலேயே பெரிய கோழி, கொண்டை ஒரு பக்கம் சாய்ந்த சிவப்புக் கோழி. இரண்டே எட்டு. நீல நூல் குஞ்சின் உச்சந்தலையில் விழுந்த கொத்தில் ரத்தம் வந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் மற்ற ஆறு தங்கமும் ஓடி வந்தன. தம்பி குறுக்கே பாய்ந்து குஞ்சுகளை அள்ளாவிட்டால் அன்றைக்கு மூன்றுதான் மிஞ்சியிருக்கும்.

பாப்பா அழவில்லை. குஞ்சைச் சட்டையோடு அணைத்துக்கொண்டு, "மிதிக்கிறது அதோட சொந்த அம்மாவா இருந்தா சாகாது," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். பெரியக்கா காலி அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டு கூண்டுக் கதவைச் சாத்தினாள்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பன்னிரண்டு பேரை மேய்த்து, போன வருஷம்தான் ஓய்வு பெற்றவள் அவள். வார்டு ஆயா முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் பெரியக்கா. பன்னிரண்டு பேரை மேய்த்த கைக்கு இப்போது வீட்டில் இருந்தது மூன்றே பேர். அதில் தம்பி ஆம்புலன்ஸ் டிரைவர். நாற்பத்து மூன்று வயதுவரை கல்யாணப் பேச்செடுத்தாலே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறவன், நாலு மாதத்துக்கு முன்னால் மருந்துக்கடையில் வேலை செய்கிற ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தான். அவள் கூடவே பாப்பாவும் வந்தாள். பெரியக்காவுக்குச் சந்தோஷம்தான். சந்தோஷத்தை அவள் காட்டுகிற விதம்தான் வேறு. கரண்டியை இப்படியா பிடிப்பார்கள், போர்வையை இப்படியா மடிப்பார்கள், பிள்ளைக்குத் தலையை இப்படியா வாருவார்கள் என்று விடிந்ததிலிருந்து ஆரம்பித்துவிடுவாள்.

பாப்பா தம்பியை "டிரைவர்" என்று கூப்பிடுவாள். அவனும் "சொல்லுங்க மேடம்" என்பான். பெரியக்காவை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதிரே வந்து நின்று, பெரியக்கா பார்க்கிறவரை காத்திருந்துதான் பேசுவாள்.

மறுநாள் காலையில் பெரியக்கா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு உள்ளே பேச்சுக் கேட்டது. தம்பி பெண்டாட்டி நீல நூலின் தலையில் ஊதா மருந்து தடவிக்கொண்டிருந்தாள்.

"லீவு விட்டதும் நான் மாமா வீட்டுக்கே போயிடறேன்மா. திரும்பி வரமாட்டேன்."

"ஏன்டி? டிரைவர் உன்கிட்ட நல்லாத்தானே இருக்காரு?"

"அவர் நல்லவர்தான். அவங்க என்னைத் திட்டிக்கிட்டே இருக்காங்க."

மருந்துப் புட்டியை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு தாய்க்காரி மெதுவாகச் சொன்னாள். "மூணு வாரம் இருக்கு. பொறுத்துப் பாரு. அப்பவும் முடியலைன்னா நாம ரெண்டு பேருமே போயிடலாம்."

பெரியக்கா கையிலிருந்த போர்வையை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். நாலு மாதமாகத் தம்பி வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வருகிறான். வாசலிலேயே ஹாரன் அடிக்கிறான். இவர்கள் இரண்டு பேரும் போனால் அந்த ஹாரனும் போகும். 'நான் என்ன கெட்டதா சொல்லிட்டேன்? நல்லதுக்குத்தானே சொன்னேன்' என்று போர்வையிடம் முணுமுணுத்தாள். ஆனாலும் தம்பியைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட கட்டிலின் கம்பி வலை ஒன்று கொண்டுவரச் சொன்னாள்.

கூண்டை வலையால் இரண்டாகத் தடுத்தார்கள். இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் நாலு. ஒன்றையொன்று பார்க்கலாம், தொட முடியாது. ஒரு வாரம் முழுக்கப் பார்த்துப் பார்த்தே கோழிகளுக்குச் சலித்துப்போனது. அடுத்த ஞாயிறு வலையை எடுத்தார்கள். தீவனத் தட்டு இரண்டு இடத்தில் வைத்தார்கள். ஒரு பழைய பலகையைச் சுவரில் சாய்த்து, குஞ்சு மட்டும் நுழைகிற அளவுக்குச் சந்து விட்டாள் பாப்பா. துரத்தினால் ஒளிந்துகொள்ள ஓர் இடம் வேண்டுமாம். அதுவும் டீச்சர் சொன்னதுதான். பெரியக்கா இந்த முறை டீச்சரை ஒன்றும் சொல்லவில்லை.

ஆறு கோழிகள் ஆளுக்கு ஒரு கொத்து கொத்திப் பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டன. மேட்ரன் மட்டும் விடவில்லை. குஞ்சுகள் இந்தத் தட்டுக்கு வந்தால் இங்கே, அந்தத் தட்டுக்குப் போனால் அங்கே. வயிறு நிறைந்த பிறகும் தட்டுக்குக் காவல். குஞ்சுகள் பகல் முழுக்கப் பலகைக்குப் பின்னாலேயே கிடந்தன.

"எது தொல்லை பண்ணுதுன்னு கண்டுபிடிக்கணும்னா, எது கொத்துதுன்னு பார்க்காதே," என்றாள் பெரியக்கா. தெரிந்த விஷயத்தைச் சொல்லாமல் அவளால் இருக்க முடியாது. "எது வந்தா மத்தது ஒதுங்குதுன்னு பாரு. ஒதுங்க ஒதுங்க ஒரு கோடு போடு."

பாப்பா நோட்டு எடுத்து வந்து இரண்டு நாள் உட்கார்ந்தாள். மேட்ரன் பெயருக்கு நேரே ஒரு பக்கம் முழுக்கக் கோடு.

"இப்ப என்ன செய்யறது?" என்று கேட்டாள்.

"அஞ்சு நாளு வேற இடத்துல கொண்டுபோய் விடணும். அதுக்குள்ள மத்ததுங்க தங்களுக்குள்ள ஒரு ஒழுங்கு பண்ணிக்கும். திரும்பி வரும்போது மேட்ரன் புதுசு. புதுசா வந்தது அடங்கித்தான் போகணும்."

"பாவம் இல்லையா?"

"பாவம்தான். குஞ்சு பாவமில்லையா?"

அன்று சாயங்காலம் பெரியக்கா தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். தம்பி ஏதோ சொல்லியிருக்க வேண்டும், மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். செருப்புச் சத்தம் கேட்டதும் சிரிப்பு நின்றது. தம்பி ஸ்டூலை விட்டு எழுந்தான். தம்பி பெண்டாட்டி கரண்டியை வைத்துவிட்டுச் சுவரோரம் நகர்ந்தாள். பாப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கப் படிக்குப் போய், தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்தாள். யாரும் கோபிக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. ஒதுங்கினார்கள், அவ்வளவுதான்.

பெரியக்கா டம்ளரோடு நின்றாள். மூன்று கோடு.

இருபது வருஷம் சலவைக்கூடத்தில் அவளும் இப்படி ஒதுங்கியிருக்கிறாள். ஆஸ்பத்திரி மேட்ரன் அம்மாள் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும், பாதி குடித்த டீயை மேஜைக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். அந்த அம்மாளுக்கு இவர்கள் வைத்த பட்டப்பெயர்களை எழுதினால் காகிதம் கருகும். அந்த எரிச்சலில்தான் கொண்டை சாய்ந்த கோழிக்கு மேட்ரன் என்று பெயரே வைத்தாள். வீட்டில் எல்லோரும் தனக்கு இடம் விடுவதை இத்தனை நாள் மரியாதை என்று நினைத்திருந்தாள். வெட்கமாக இருந்தது. தண்ணீரைக் குடிக்காமலே டம்ளரைக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் காலையில் மேட்ரனைக் கூடையில் போட்டு மேலே துணி கட்டினாள். இன்னொரு கையில் தன் துணிப்பை.

"கோழியை விடத்தானே போறே? பை எதுக்குக்கா?" என்றான் தம்பி.

"இஸ்திரிக்காரி வீட்டுல விடப்போறேன். அதுக்குப் புது இடம், பயப்படும். துணைக்கு நானும் அஞ்சு நாள் இருந்துட்டு வரேன்."

"கோழிக்குத் துணையா? நீயா?"

"ஏன், உனக்குத் துணையா இருந்தப்ப மட்டும் நல்லா இருந்துச்சா? வண்டியை எடு."

தம்பி பெண்டாட்டி வாசல்வரை ஓடி வந்தாள். "அண்ணி, நாங்க ஏதாவது தப்பா..."

"நீங்க ஒண்ணும் பண்ணலை," என்றாள் பெரியக்கா. பாப்பா அவளையே பார்த்தாள். கூடையைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள்.

இஸ்திரிக்காரி சலவைக்கூடத்தில் கூட வேலை பார்த்தவள். தனியாள், வாய்க்காரி. போன முதல் நாளே பெரியக்கா அவள் டீ டப்பாவை இடம் மாற்றி வைத்து வாங்கிக்கட்டிக்கொண்டாள். "இது என் வீடு. உனக்கு டீ வேணும்னா கேளு, வரும்." கேட்டு வாங்கிக் குடிப்பது பெரியக்காவுக்குப் புதுசு. எங்கே உட்காருவது, எப்போது எழுந்திருப்பது, சிரிப்பதா வேண்டாமா, எல்லாவற்றுக்கும் இன்னொருத்தி முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டாம் நாளே தலை வலித்தது. 'ஒன்பது வயசுப் பிள்ளை இதை நாலு மாசம் செஞ்சிருக்கு' என்று நினைத்தபோது அழுகை வந்தது. கொல்லையில் கவிழ்த்த கூடைக்குள்ளிருந்து மேட்ரன் முறைத்தது. "என்னை ஏன் பார்க்கறே? எனக்கும் இதே கதிதான்," என்றாள் அதனிடம்.

திங்கட்கிழமை சாயங்காலம் தம்பியின் ஹாரன் சத்தத்துக்குப் பாப்பாதான் கதவைத் திறந்தாள். திறந்த கையோடு கூடையை வாங்கிக்கொண்டாள்.

"உடனே உள்ளே விடக்கூடாது. வலையைத் திரும்பக் கட்டி வச்சிருக்கேன், கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் இருக்கட்டும்."

"நீ சொன்னா சரி," என்றாள் பெரியக்கா.

கூண்டில் குஞ்சுகள் நாலும் தட்டில் நின்று தின்றுகொண்டிருந்தன. ஊதாத் தலை நீல நூல் ஒரு பெரிய கோழியின் வயிற்றோரமாக ஒட்டி நின்று கொறித்தது. பாப்பா வலையை விலக்கினாள். மேட்ரன் பழைய நினைப்பில் நெஞ்சை நிமிர்த்தித் தட்டுக்கு நடந்தது. இத்தனை நாள் வாலைச் சுருட்டிக்கொண்டு திரிந்த கறுப்புக் கோழி திரும்பிப் பார்த்து நங்கென்று ஒன்று போட்டது. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மேட்ரன் கத்திக்கொண்டு ஓடி, பலகைக்குப் பின்னால் பாதி உடம்பை நுழைத்து, பின்பாதி வெளியே தெரிய நின்றது.

பெரியக்கா பதறி ஓரடி எடுத்துவைத்தாள். பாப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதீங்க அத்தை. ரெண்டு கொத்து வாங்கும், அப்புறம் பழகிடும். அதுக்குன்னு அந்தப் பலகை இடுக்கைப் பெருசாக்கி வச்சேன். இன்னும் கொஞ்சம் பெருசாக்கணும்போல."

அத்தை என்ற சொல்லைப் பெரியக்கா கேட்டாள். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் அது பறந்துவிடும் என்று பயம். பிடித்த கையை மட்டும் அசைக்காமல் வைத்துக்கொண்டாள்.

சாப்பிடும் நேரத்தில் சமையலறை வாசலிலேயே நின்றாள். கரண்டிகள் வேறு ஆணியில் தொங்கின. டப்பாக்கள் இடம் மாறியிருந்தன. ஜன்னலோரம் புதிதாக ஒரு ஸ்டூல் இருந்தது. மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். தம்பி பாதி எழுந்தான்.

"உக்காருடா," என்றாள். பிறகு, அந்த வீட்டில் அவள் ஒருநாளும் கேட்காததைக் கேட்டாள். "நான் எங்க உக்காரட்டும்?"

பாப்பா தட்டை இழுத்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தாள். "இங்க. ஜன்னல் பக்கம். கூண்டு தெரியும்."

தம்பி பெண்டாட்டி பரிமாறிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். "லீவுக்கு ரெண்டே நாள்தான் வருவேன்னு மாமாவுக்குப் போன் பண்ணிட்டா. அதுக்கு மேல குஞ்சுங்களை யார் பார்த்துக்கறதாம்."

"நான் பார்த்துக்கறேன்," என்று வந்த வார்த்தையைப் பெரியக்கா விழுங்கினாள். "ஆமா, கஷ்டம்தான்," என்றாள். தம்பி குனிந்து சிரித்தான்.

முதல் வாயிலேயே உப்பு கம்மி என்று தெரிந்தது. பெரியக்கா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வாய், மூன்றாவது வாய், மென்று விழுங்கினாள். சலவைக்கூடத்தில் முப்பது மூட்டை ஈரப் போர்வையைத் தூக்கியதைவிட அது கஷ்டமாக இருந்தது.

பாப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்பு கம்மியா இருக்குல்ல அத்தை?"

தம்பி கை வாய்க்குப் போகாமல் நின்றது. அவன் பெண்டாட்டி கரண்டியோடு நின்றாள். பெரியக்கா ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை.

"கம்மிதான்," என்றாள், மெதுவாக.

"நானும் அம்மாகிட்ட அப்பவே சொன்னேன்," என்று பாப்பா உப்பு டப்பாவை எடுத்து, முதலில் பெரியக்காவின் பக்கம் தள்ளினாள்.