காற்றில்லாத கிடங்கில் ஒரு பொம்மை

1

செவ்வந்தி இதைச் சொன்னபோது எனக்குப் பயமாக இருந்தது. எழுத உட்கார்ந்தால் அந்தப் பயம் வரமாட்டேன் என்கிறது. ‘காவிரி வறண்ட அந்த வருஷம்’ என்று தொடங்கினேன். (வறளவில்லை, வயலெல்லாம் பச்சை.) ‘மூச்சு என்பது’ என்று தொடங்கினேன். (கட்டுரை வாடை.) ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

2

எண்பதுகளின் தொடக்கம். நன்னிலம் பக்கத்து அரிசி ஆலையில் பெண்கள் தவிட்டுத் தூசியில் இருமி இருமி ஒடுங்கிப்போனார்கள். தூசியே இல்லை என்றார் முதலாளி. தொழிலாளர் சங்கம் அரசாங்கத்துக்கு மனுப் போட்டது. அது கேட்டுக்கொண்டதால் தஞ்சாவூரிலிருந்து ஆய்வுக்கூடத்துச் செவ்வந்தி வந்தாள். அவள் கொண்டுவந்தது ஆள் மாட்டிக்கொள்ளும் கருவி. கழுத்தோரத்தில் சின்னக் குப்பி, உள்ளே வெள்ளை வடிதாள், இடுப்பில் பம்பு. பம்பு காற்றை இழுக்க, தூசி தாளில் படியும். அசையாத காற்றிலும் அது சரியாகப் பிடிக்கிறது என்று முதலில் காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் சங்கத்தின் மனு நிற்காது.

சோதனைக்குக் கிடைத்தது, நில உச்சவரம்புச் சட்டத்தில் கைமாறிய பழைய மிராசுதார் கிடங்கு. ஜன்னல் கிடையாது. கூத்தாநல்லூர் ஜவுளிக்கடை மீரா உசேன் சேலை கட்டிக் காட்டும் ஆளுயரப் பொம்மையொன்றை இரவல் தந்திருந்தார். அதன் மார்பில் செவ்வந்தி இரண்டு குப்பிகளை மாட்டினாள். ஒன்றுக்குப் பம்பு ஓடும். மற்றது ஒப்பிட்டுப் பார்க்க, சும்மா.

தவிடு அள்ளும் காத்தாயி பொம்மையை வாசல்வரை தூக்கிவந்தாள். உள்ளே வரவில்லை.

3

தூசியைத் தூவிக் கதவைச் சாத்திக் காத்திருந்து திறந்தார்கள். பம்பு ஓடாத குப்பியின் தாள்தான் அதிகம் கறுத்திருந்தது.

(அசையாக் காற்றில் தூசி தானாகவே விழும், குப்பியின் திறந்த வாய்க்குள்ளும் விழும். செவ்வந்தியும் அப்படித்தான் நினைத்தாள்.)

குப்பியைக் கவிழ்த்து மாட்டினாள். மறுபடியும் கறுப்பு.

“யாரோ இழுக்கிற மாதிரி இருக்குக்கா,” என்றாள்.

காத்தாயி வாசலிலேயே நின்றாள். “கூலிச் சண்டை வருஷம் மிராசுதார் ஆளுங்க எங்க வீட்டுக்காரர இதுலதான் போட்டு அடைச்சாங்கம்மா. தொறந்தப்ப மூச்சு இல்ல.”

செவ்வந்தி கருவியைத் தானே மாட்டிக்கொண்டாள். பம்பை ஓடவிட்டு, தூசிக்குள் உட்கார்ந்து, கதவைச் சாத்தச் சொன்னாள். காற்று அசையவில்லை. ஆனால் அவளுக்கு முன்னால் யாரோ அதை எடுத்துக்கொண்டிருந்தார்கள் [இந்த வாக்கியம் அவளுடையது; எவ்வளவோ முயன்றும் மாற்ற முடியவில்லை]. மூச்சுக்குத் தவித்து வெளியே வந்தாள். அவள் தாள் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

4

முடிவு ஒன்று: மறைத்தாள், மனு வென்றது. எழுதிப் பார்த்தேன், செவ்வந்தி அதற்குள் வர மறுத்து…

இல்லை. மூன்று சோதனைகளையும் உள்ளபடி எழுதிக் கொடுத்தாள். கருவி பழுது என்றார்கள் அதிகாரிகள். மனு தள்ளுபடியானது. அதைச் சொல்லப் போனவளிடம் காத்தாயி கேட்டது வேறு.

“அந்தப் பொம்ம இப்ப எங்க?”

“கடைக்கே அனுப்பிட்டேன்க்கா.”

“தெருவப் பாத்தாப்ல வச்சிருக்காங்களா?”

“ஆமா. வாசல்லயே.”

“காத்து வருமா?”

“நல்லா வரும்.”

காத்தாயி முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். “அப்ப சரி.”

5

காத்தாயியின் வீட்டுக்காரர் பொம்மையோடு வெளியே போய்விட்டாரா? செவ்வந்தி பிறகு சோதித்துப் பார்க்கவில்லை. எனக்கும் துணிச்சல் இல்லை. கிடங்கு இன்னும் பூட்டாமல்தான் கிடக்கிறது. போய்ப் பார்ப்பதென்றால் பாருங்கள். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கிறது. துணைக்கு ஒருவரை வாசலில் நிறுத்திவிட்டுப் போங்கள்.