இடது சக்கரம்

சுத்தியல் சத்தம் கேட்டு ஹதா அத்தை அலறியடித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடி வந்தாள்.

"அடியே நுவாரா! உள்ளே உங்கப்பன் உடலைக் குளிப்பாட்டிக்கிட்டிருக்காங்க. மையத்து வீட்டுல சுத்தியல் அடிக்கிறியே, புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

நுவாரா நிமிரவில்லை. அப்பாவின் நீல மேலங்கியை மாட்டிக்கொண்டு, பிக்கப்பின் இடது முன்சக்கரம் இருந்த இடத்தில் குந்தியிருந்தாள்.

வண்டி நேற்றிலிருந்து ஜாக்கி மேல்தான் நிற்கிறது. வலது பக்கத்தை அப்பா முடித்துவிட்டார். தேய்ந்த பால் ஜாயிண்டும், சக்கரத்தைத் திருப்பும் டை ராடின் முனையும் போய்ப் புதிது ஏறியாயிற்று. இடது பக்கம் துருவேறி இறுகிக் கிடந்தது. அதற்கு இரண்டு ஆள் வேண்டும், ஒருவர் கடப்பாரையால் அழுத்த, இன்னொருவர் அடிக்க. இந்த வெள்ளிக்கிழமை வருகிறேன், அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று பாத்னா நகரத்திலிருந்து தம்பி லஸ்ஹர் போக்குக் காட்டிக்கொண்டே இருந்தான். நுவாரா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் கிழவர் தனியாக அடித்துப் பார்த்திருக்கிறார். அவள் திரும்பியபோது வண்டியோரம் சரிந்து கிடந்தார். நெஞ்சடைப்பு என்றார் டாக்டர். இப்போது வந்து நிற்கிறான் மகன், இஸ்திரி போட்ட சட்டையோடு!

"விடுக்கா. இங்கேயே டவுன்ல அடக்கிடலாம். மலையூருக்கு மையத்து வண்டிக்காரனே வரமாட்டேங்கிறான். என் காரும் ஏறாது."

"இது ஏறும். அம்மா பக்கத்துலதான் படுப்பேன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். உனக்கு எங்கே தெரியும்? போனை எடுத்தாத்தானே!"

"அஸர் தொழுகைக்குள்ள அடக்கணும். இப்பப் போய் பழசையெல்லாம் கிளறணுமா?"

"கிளறாம? அந்தக் கடப்பாரையைப் பிடிடா. நேத்து பிடிச்சிருக்க வேண்டியது."

அவன் குனிந்து சட்டையைப் பார்த்தான்.

"சட்டை போனா போகுதுடா, அப்பனே போயிட்டார்!"

லஸ்ஹர் மண்ணில் முட்டி போட்டான். கடப்பாரை மேல் தன் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினான். நுவாரா அடித்தாள். எதை அடிக்கிறாளோ, யாரை அடிக்கிறாளோ, மரை கழன்றவள் மாதிரி அடித்தாள். ஜாயிண்ட் பொட்டென்று விட்டுக்கொடுத்தது.

டை ராடின் மரையில், பழைய முனை எதுவரை இருந்ததோ அதுவரைக்கும் அப்பா வெள்ளை பெயிண்டால் கோடு போட்டு வைத்திருந்தார். கோடு தப்பினால் சக்கரம் கோணிக்கொள்ளும். புது முனையைச் சரியாக அந்தக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்தினாள். புது ஜாயிண்டையும் ஏற்றி நட்டை முறுக்கி, பின்னைச் செருகி வளைத்து, சக்கரத்தை மாட்டி ஜாக்கியை இறக்கினாள். அதற்குள் கஃபன் துணி சுற்றி முடித்திருந்தார்கள்.

ஆண்கள் அப்பாவைத் தூக்கி வந்து பின்னால் ஏற்றினார்கள். வந்தவர்களில் பெரியவர் ஒருவர், அழுக்குச் சட்டையோடு நின்ற லஸ்ஹரின் முதுகில் தட்டினார்.

"அப்பன் வண்டியிலேயே அப்பனை ஏத்திட்டியே. ஆம்பளப் புள்ளைன்னா இதுதான்!"

லஸ்ஹர் அக்கா பக்கம் திரும்பாமல் ஏறி ஸ்டியரிங் முன் உட்கார்ந்தான். நுவாராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுபக்க முன்கதவைத் திறந்து ஏறப்போனாள். அத்தை பின்னாலிருந்து இழுத்தாள்.

"நீ எங்கேடி? பொம்பளைங்க மூணாம் நாள்தான் கபருக்குப் போகணும். வழக்கம் தெரியாதவளா நீ?"

தெரியாமல் என்ன? அடித்துக்கொண்டிருந்தபோதும் தெரியும். கதவைப் படாரென்று சாத்திவிட்டு, சுற்றிக்கொண்டு தம்பியின் ஜன்னலுக்குப் போனாள்.

"பள்ளத்துல மெதுவா இறக்கு. அவரைக் குலுக்கினேன்னு தெரிஞ்சுது, அப்புறம் நான் மனுஷியா இருக்கமாட்டேன்."

வண்டி புறப்பட்டது. தெருமுனைக் கல்லில் இடது சக்கரம் ஏறி இறங்கியது. எப்போதும் அந்த இடத்தில் கடகடவென்று அடித்துக்கொள்ளும். இன்று சத்தமே இல்லை. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அத்தை ஒரு சட்டியில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"இந்தா, கையைக் கழுவு. உங்கப்பனுக்குக் காய்ச்சினதுல மிச்சம், சூடு ஆறல. அவன் நகத்துலயும் இதே கிரீஸ் கறுப்புதான். ஒரு பொட்டுகூட இல்லாம தேய்ச்சு எடுத்துட்டாங்களாம்."

நுவாரா தண்ணீருக்குள் வைத்த கையைத் தேய்க்காமலே வெளியே எடுத்தாள். மேலங்கியில் ஈரத்தை மட்டும் ஒற்றிக்கொண்டு, பெண்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் போனாள்.